ரிவால்வர் வாங்கப் போன கதை

அம்மாவின் கழுத்தில் விழுந்த அந்தச் சிவப்புக் கோடு மறைய இரண்டு வாரம் ஆனது.

ஆயர் ஈத்தாம் சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு, காலை ஏழு மணிக்கு வீட்டை நோக்கி நடந்து வந்திருக்கிறார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் ஒரே இழுப்பில் ஐந்து பவுன் தாலிக்கொடியைப் பறித்துவிட்டான். அம்மா கீழே விழுந்ததில் முழங்கால் பிய்ந்தது. போலீசில் புகார் கொடுத்தோம், மருந்து போட்டோம். அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, நான் கைப்பேசியை எடுத்து ஒரு கேள்வியைத் தட்டினேன்: எந்த ரிவால்வர் நல்லது?

எனக்கு வயது முப்பத்து நான்கு. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. அதுவரை துப்பாக்கியைச் சினிமாவிலும் நகைக்கடை வாசலில் நிற்கும் காவலாளி கையிலும் மட்டுமே பார்த்தவன். ஆனாலும் ஒரு வாரத்தில் குழல் நீளம், தோட்டா அளவு, எடை என்று எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பயிற்சித் தளத்தில் சுடவும் இடுப்பில் வைத்துக்கொள்ளவும் ஒரே ரிவால்வர் வாங்கினால் சிக்கனம் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியலோடு மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா அம்மாவின் தம்பி. போலீசில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருப்பது 'ரைஃபிள் ரேஞ்ச்' அடுக்குமாடி வீட்டில். மலாயில் பாடாங் தெம்பாக். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே துப்பாக்கி சுடும் திடல் இருந்தது. திடல் போய் வீடுகள் வந்துவிட்டன, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

மாமா பட்டியலை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி மருமவனே. இத வச்சு என்னா செய்யப் போறே? காகிதத்தச் சுடப் போறியா, ஆளச் சுடப் போறியா?"

"ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு, மாமா."

"அப்படி ஒண்ணு கிடையாது" என்றார்.

ஒரு கருவி, இரண்டு வேலை

மாமா சொன்னது விளங்க எனக்குப் பூக்கெட் வரை போக வேண்டியிருந்தது. குடும்பச் சுற்றுலாவில், பயணிகளுக்குத் துப்பாக்கி சுட வாய்ப்புத் தரும் தளம் ஒன்றில் மூன்று ரிவால்வர்களைச் சுட்டுப் பார்த்தேன். தூரம் 10 மீட்டர். ஒவ்வொன்றிலும் ஆறு தோட்டா கணக்கு.

முதலில், ஆறு அங்குலக் குழல் கொண்ட .22. ஆறும் ஓர் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. என்மேலேயே எனக்கு மரியாதை வந்தது. அடுத்தது நான்கு அங்குல .38. ஆறும் காகிதத்தில் பட்டன, ஆனால் மூலைக்கு ஒன்றாக. கடைசியாக, சட்டைக்குள் மறைத்து வைக்கத் தோதான இரண்டு அங்குல .38. இரண்டு தோட்டா மட்டுமே காகிதத்தைத் தொட்டது. மற்ற நான்கும் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. அது காகிதத் தளம், பின்னால் மண்மேடு. ஆயர் ஈத்தாம் சந்தையாக இருந்திருந்தால்?

காரணம் எளிய கணக்குதான். துப்பாக்கியில் குறி பார்ப்பது, பின்னால் உள்ள பள்ளத்தையும் நுனியில் உள்ள முள்ளையும் நேர்கோட்டில் கொண்டு வருவது. நீளக் குழலில் இந்த இரண்டுக்கும் இடைவெளி சுமார் 20 சென்டிமீட்டர். நுனி 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் தோட்டா 5 சென்டிமீட்டர் தள்ளி விழும். குட்டைக் குழலில் இடைவெளி பாதிதான். அதே தவறு அங்கே 10 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

எடையும் அப்படியே. பயிற்சித் தளத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கனமான ரிவால்வர் நல்லது. தோட்டா வெடிக்கும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதையை அந்தக் கனம் விழுங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு கிலோ இரும்பை நாள் முழுக்க இடுப்பில் சுமந்து பாருங்கள். அதனால் மறைத்து வைப்பதற்கென்றே அரைக் கிலோ எடையில் செய்கிறார்கள். 1950இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ஐந்து தோட்டாச் சிறு ரிவால்வர் இந்த வகைக்குப் பெயர் போனது. சுமக்க எளிது, சுடக் கடினம்.

மூன்றாவது, விசை. ரிவால்வரின் பின்னால் உள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால், விசைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் போதும். இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுட்டால், உருளையைச் சுழற்றி, சுத்தியலையும் தூக்கி, பிறகுதான் வெடிக்கும். அதற்கு நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை அழுத்தம் வேண்டும். அரைக் கிலோ பொருளை ஐந்து கிலோ விசையால் அழுத்தினால் அது ஆடாமல் என்ன செய்யும்? அவசரத்தில் யாரும் சுத்தியலை இழுத்து வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

விளையாட்டாகப் பழக வருபவர்களுக்கு, கிளப்பின் ரிவால்வர்களில் எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி வரும். நான் கற்றதைச் சொல்கிறேன்.

தொடக்கத்துக்கு .22தான். அதன் ஈயக்குண்டு சுமார் 2.6 கிராம், .38இன் குண்டு சுமார் 10 கிராம். உதையும் சத்தமும் விலையும் அதற்கேற்ப ஏறும். பெரிய தோட்டாவில் தொடங்குகிறவர்கள் சத்தத்துக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்து .38. ரிவால்வர் உலகில் நூறாண்டுக்கு மேலாக நிலைத்திருக்கும் அளவு இது. .357 மேக்னம் என்று எழுதியிருக்கும் ரிவால்வரில் .38 தோட்டாவையும் போட்டுச் சுடலாம். .38 ரிவால்வரில் .357ஐப் போடவே கூடாது. மேக்னத்தின் அழுத்தம் மிக அதிகம்.

பிடி உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். விசைமேல் ஆள்காட்டி விரலின் முதல் கணு இயல்பாகப் படிய வேண்டும். விரலை நீட்டி எட்ட வேண்டியிருந்தால் அது உங்களுக்கானது அல்ல. சிறிய கை உள்ள பெண்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ரிவால்வருக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். சுடும்போது அதன் வழியே சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். இடக்கை விரலை அங்கே வைத்தால் வெந்துபோகும். 'டப்' என்று பலவீனமான சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் தளத்துக்குள் கால் வைக்கவே கூடாது.

ஆறரை மீட்டர்

பூக்கெட்டிலிருந்து திரும்பியும் என் கோபம் தணியவில்லை. "பழகினா சரியாயிடும் மாமா. அன்னிக்கு நான் பக்கத்துல இருந்து, கையிலயும் ஒண்ணு இருந்திருந்தா..." என்று தொடங்கினேன்.

மாமா என்னைக் கீழே பேட்மிண்டன் திடலுக்குக் கூட்டிப் போனார். கூடவே பதின்மூன்று வயதுப் பேரன். ஒரு டார்ச் விளக்கை என் இடுப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டார். பேரனை ஏழடி தள்ளி... இல்லை, ஏழு எட்டு வைத்துத் தள்ளி நிறுத்தினார். "அவன் ஓடி வந்து உன் தோளத் தொடணும். அதுக்குள்ள நீ டார்ச்ச எடுத்து அவன் நெஞ்சுக்கு நேரா வெளிச்சம் அடிக்கணும். அவ்வளவுதான்."

ஐந்து முறை செய்தோம். நான்கு முறை பையன் ஜெயித்தான். ஒரு முறை டார்ச் சட்டையில் மாட்டிக்கொண்டு கீழேயே விழுந்தது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இது மாமாவின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூயலர் 1983இல் எழுதிய கணக்கு. கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை, அதாவது சுமார் ஆறரை மீட்டரை, ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும்.

"இவன் வர்றான்னு உனக்குத் தெரியும். இருந்தும் தோத்தே. உங்கம்மாவுக்குப் பின்னால வந்தவன யாரு பார்த்தா?" என்றார் மாமா. "கொடி அறுந்த அடுத்த நிமிஷம் அவன் முதுகுதான் தெரியும். முதுகுல சுடுவியா? சுட்டா நீ உள்ள போவே. படலேன்னா கீரை விக்கிற ஆச்சி மேல படும்."

நான் பேசவில்லை. படியேறும்போது அவரே மெதுவாகச் சொன்னார்: "என் அக்கா கழுத்துல கை வச்சவன் மேல எனக்குக் கோவம் இல்லேன்னா நினைக்கிறே? அத்தன வருஷம் இடுப்புல .38 தொங்குச்சுடா. அது இருக்கேன்னு தைரியமா தூங்கினது கிடையாது. அது பத்திரமா இருக்கான்னு எழுந்து பார்த்த ராத்திரிதான் அதிகம்."

பெண்களுக்கென்று ஒரு ரிவால்வர்

தற்காப்புக்குத் துப்பாக்கி என்ற எண்ணம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் இந்திய அரசின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. .32 அளவு, ஆறு தோட்டா, எடை அரைக் கிலோவை ஒட்டி. கைப்பையில் வைக்கும்படி, பெண்களை மனத்தில் கொண்டு செய்தது. விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். பேருந்தில் வேலைக்குப் போய் வரும் எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். கைப்பையோடு சேர்த்துப் பறித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் சரியான பதில் வந்ததாக நான் அறியேன்.

வீட்டில் வைத்தால்? 1993இல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெல்லர்மனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நடக்கும் அபாயம், இல்லாத வீட்டைவிட 2.7 மடங்கு என்று அது கண்டது. பெரும்பாலும் கொன்றவர் வீட்டாளோ தெரிந்தவரோதான். இந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு என் வீட்டுக் கணக்கே போதுமாக இருந்தது. என் மகளுக்கு ஆறு வயது. தீபாவளிக்கு முந்தின வாரம் பீரோ மேல், பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த முறுக்கு டின்னை அவள் நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிட்டாள். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது. கைக்கெட்டும்படி வைத்தால் அவள் கைக்கும் எட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே இன்னொன்றையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் நாம் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, மாநிலப் போலீஸ் தலைவர் தரும் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. காற்றுத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். உரிமம் கேட்பது நம் விருப்பம், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் அதிகாரம். 'பயமாக இருக்கிறது' என்பது மட்டும் காரணமாகாது.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். வெறும் தோட்டாவுக்கே ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பூக்கெட்டில் சுட்டுவிட்டு ஞாபகத்துக்கு ஒரு தோட்டாவைப் பையில் போட்டு வராதீர்கள். அசல் போலவே தோற்றமளிக்கும் போலித் துப்பாக்கிக்கும் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பிள்ளைகளுக்கு இணையத்தில் 'பொம்மை' வாங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இந்த மண்ணில் ஒரு ரிவால்வர் என்ன செய்யும் என்பதற்குத் தமிழர்களிடம் ஒரு கதை இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்து இங்கே வந்த எஸ்.ஏ.கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்றானது. 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் அருகே அவர் பிடிபட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாக வழக்கு. வழியில் கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கக் கொண்டுபோனதாக அவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு கருணை கேட்டது. அதுவும் பலிக்கவில்லை. இரண்டே மாதத்தில், மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அது வேறு காலம், வேறு அரசியல். ஆனால் மாமா அந்தப் பெயரைச் சொல்லும்போது இன்றும் குரலைத் தாழ்த்துகிறார்.

பத்து மீட்டருக்கு அப்பால்

நான் ரிவால்வர் வாங்கவில்லை. ஆனால் துப்பாக்கியை விட்டுவிடவும் இல்லை. பூக்கெட்டில் அந்த .22 கொடுத்த அமைதி மனத்தில் நின்றுவிட்டது. விசாரித்து, முறைப்படி பதிந்த கிளப் ஒன்றில் சேர்ந்தேன். துப்பாக்கிகள் கிளப்பின் ஆயுத அறையிலேயே இருக்கும். சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு வரலாம்.

முதல் இரண்டு வாரம் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை. சுட விரும்பாத எதை நோக்கியும் நீட்டாதே. குறி பார்க்கும் வரை விரலை விசையில் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். இந்த நான்கையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். பிறகு காற்றுக் கைத்துப்பாக்கி. தூரம் 10 மீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். ரிவால்வர் ஆசை விடாதவர்களுக்கு 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டி இருக்கிறது. அதில் .32, .38 ரிவால்வருக்கும் அனுமதி உண்டு.

இந்த விளையாட்டில் உடல் பலத்துக்குப் பெரிய வேலை இல்லை. நம் நாட்டின் நூர் சூர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டார். ஹங்கேரியின் காரோலி டாகாச்சுக்கு 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் பழகி, 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இந்தியாவின் மனு பாக்கருக்குத் தோக்கியோவில் போட்டி நடுவே துப்பாக்கி பழுதாகி, இறுதிச் சுற்று கை நழுவியது. மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார்.

என் கதை அவ்வளவு பெரிதல்ல. முதல் நாள் பத்துக் குண்டில் 61 புள்ளி. ஆறு மாதத்துக்குப் பிறகு 84. கோபத்தோடு போன நாளில் 70ஐத் தாண்டியதே இல்லை. மூச்சு பாதியில் நிற்கும்போது, கை ஆடுவது குறையும்போது, விசை தானாகவே போவதுபோல் அழுந்த வேண்டும். அந்த மோட்டார் சைக்கிள்காரனை நினைத்தால் அது நடக்காது. அதனால், சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரமாவது அவனை நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

அம்மா மூன்று மாதம் சந்தைக்கே போகவில்லை. யாராவது வாங்கி வந்ததைச் சமைத்தார். இப்போது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் அவரும் போகிறோம். சாலையின் உட்பக்கம் அம்மா, வண்டிகள் வரும் பக்கம் நான். கழுத்தில் தங்கம் இல்லை, அப்பா வாங்கிக் கொடுத்த மஞ்சள் கயிறுதான். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மாவின் கை இன்னும் கழுத்துக்குப் போகிறது. என் கையும் ஒரு கணம் இறுகுகிறது.

போன வாரம் மீன் கடையில் கெம்போங் மீனுக்கு ஒரு வெள்ளி குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் வாதாடினார். மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. கிளப்புக்கு நேரமாகிவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.